கீழ் வரிசை ஏன் கறைபடவில்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையது இல்லை. போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர் சொன்னது. அந்த நாற்காலிக்கு ஒரு குணம் உண்டு. விளக்கை அணைத்து, மூக்கின் மேல் கனமான வளையத்தை மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டு "இது தெளிவா, இதுவா" என்று கேட்டுக்கொண்டே போனால், ஆட்கள் சுவரில் உள்ள எழுத்தை விட்டுவிட்டுத் தங்கள் பாட்டைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். மருமகள் கதை, கப்பல் டிக்கெட் கதை, மெயின்லேண்டில் கட்டிப் பூட்டிவைத்திருக்கும் வீட்டின் கதை எல்லாம் எனக்கு அப்படி வந்தவைதான். பெரும்பாலும் அடுத்த வாடிக்கையாளர் வருவதற்குள் மறந்துவிடுவேன்.

இதை மறக்க முடியவில்லை. அவர் பெயர் விஜயகுமாரி. வயது நாற்பதுக்குக் கொஞ்சம் கீழே. மின்னி பே என்ற பகுதியில் கடலை ஒட்டியுள்ள ஒரு சிறிய ஆய்வு நிலையத்தில் வேலை. உலோகங்களைக் கடற்காற்றில் நிறுத்திவைத்து, அவற்றுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கும் இடம்.

"என்ன ஆகும், துருப்பிடிக்கும்" என்றேன்.

"ஏன் பிடிக்கலைங்கறதுதாங்க என் வேலை" என்றார்.

[ஓர் ஏற்பாடு. கடையில் இருக்கும்போது அவர் எனக்கு 'அவர்'. கதைக்குள் போனதும் 'அவள்'. மரியாதைக் குறைவு இல்லை. 'அவர்' என்று எழுதினால் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். 'அவள்' என்றால்தான் என்னால் கூடவே நடந்து போக முடிகிறது.]

2

எங்கே தொடங்குவது?

"அந்தமான் கடல் அன்று வெள்ளியைப் போல்—" வேண்டாம். கடலை வெள்ளியாக்கும் கதைகளை நானே பாதியில் மூடிவைத்திருக்கிறேன்.

"இரும்பை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் போட்டால் கரைந்துவிடும், அடர் அமிலத்தில் போட்டால் கரையாமல் அப்படியே கிடக்கும்." இது உண்மை, எனக்கு மிகவும் பிடித்தும் இருக்கிறது. ஆனால் கதையின் முதல் வரி மாதிரி இல்லை, பத்து மார்க் கேள்வி மாதிரி இருக்கிறது. பத்திரமாக எடுத்து வைக்கிறேன், பிறகு உதவும்.

"விஜயகுமாரியோடு அன்று பேசியவர்கள் இரண்டு பேர். ஒருவர் சில்லறை கேட்ட பஸ் கண்டக்டர். இன்னொருவர் போனில் வந்த பதிவு செய்த குரல்." இது சரி. இப்படியே போகலாம்.

3

விஜயகுமாரி பாம்பூஃப்ளாட்டில் ஒரு மாடி அறையில் குடியிருக்கிறாள். காலையில் ஃபெர்ரியில் கடல் தாண்டிச் சாத்தம் துறைக்கு வருவாள், அங்கிருந்து பஸ். ஃபெர்ரியில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பெங்காலிப் பெண்கள் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு சத்தமாகச் சிரிப்பார்கள். ஒரு தெலுங்குக்காரர் ஸ்கூட்டரை விட்டு இறங்காமலேயே போனில் யாரையாவது திட்டிக்கொண்டு வருவார். அவள் மட்டும் இஞ்சின் சத்தம் அதிகமாகக் கேட்கும் ஓரத்தில் போய் நிற்பாள். அங்கே நின்றால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். பேச்சுக் கொடுக்காததற்கு இஞ்சினைக் காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமைதான் மோசம். சுத்தமாக இருக்கும் அறையை மறுபடி கூட்டுவாள். துவைத்த துணியை மடித்து, பிடிக்காமல் உதறி, மறுபடி மடிப்பாள். இதற்கு வேறு பெயர் தேடி மெனக்கெட வேண்டியதில்லை. தனிமைதான்.

நிலையத்தில் கடலைப் பார்த்த மேட்டில் ஒரு மரச்சட்டம் நிற்கிறது. அதில் மூன்று வரிசையாகத் தகடுகள், கடலை நோக்கிச் சாய்ந்து. துருப்பிடிக்காத எஃகு. நம் வீட்டு எவர்சில்வரின் பெரியப்பா வீட்டுப் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தகட்டின் மூலையிலும் ஓர் எண் வெட்டியிருக்கும். தொழிலில் இதற்குக் 'கூப்பன்' என்று பெயர். "கூப்பன் பாக்கப் போறேன்" என்று அவள் சொன்னதைக் கேட்டு வீட்டுக்காரம்மா, எந்த ரேஷன் கடையில் போடுகிறார்கள் என்று விசாரித்தாராம்.

காலையில் வந்ததும் அவள் முதலில் சட்டத்துக்குத்தான் போவாள். ஒவ்வொரு தகட்டின் முன்னும் குனிந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, எண்ணையும் நிலையையும் போனில் முணுமுணுத்துப் பதிவு செய்வாள். கடல் தெறிப்பு அதிகம் விழுவது கீழ் வரிசையில். முதலில் கெட வேண்டியது அதுதான். அதனால் அதன் முன்னால்தான் அதிக நேரம் நிற்பாள்.

4

இங்கே கொஞ்சம் பாடம். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் அவளுடைய ஐந்து வருஷம் இதற்குள்தான் இருக்கிறது.

எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பது, அது ஆக்சிஜனோடு சேராது என்பதால் இல்லை. சேர்ந்த கணமே மேலே ஓர் ஆக்சைடு படலம் உண்டாகி, உலோகத்தை மூடிவிடுகிறது. தலைமுடியின் தடிமனைப் பல்லாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு உலோகம் வினைபுரிய முடியாமல் அடங்கிக் கிடக்கும். செயலறு நிலை என்கிறார்கள். அடர் அமிலத்தில் இரும்பு கரையாமல் கிடப்பதும் இதே கதைதான். [எடுத்து வைத்த வரி உதவிவிட்டது.]

இந்தப் படலம் எப்படிக் காக்கிறது என்பதில் வெகுகாலமாகச் சண்டை. ஒரு கட்சிக்கு இது நிஜமான ஓர் ஓடு, தடுப்புச் சுவர். இன்னொரு கட்சி, ஓடெல்லாம் எதற்கு, மேற்பரப்பில் ஆக்சிஜன் ஒரு வரிசை ஒட்டிக்கொண்டாலே உலோகத்துக்கு வினைபுரியும் ஆசை விட்டுப்போகும் என்கிறது. பின்னால் வந்தவர்கள் படலத்தை முடிந்துபோன பொருளாகவே பார்க்கவில்லை. உள்பக்கம் அது உலோகத்தைத் தின்று வளர்கிறது, வெளிப்பக்கம் ஈரத்தில் கரைகிறது. இரண்டும் ஒரே சமயத்தில், ஓயாமல். வளர்வதும் கரைவதும் சமமாக இருக்கும்வரை தடிமன் மாறாது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

விஜயகுமாரி இந்தக் கடைசிக் கட்சி. அவர்களுடைய கணித மாதிரியில் படலத்துக்குள் அணுக்கள் மட்டும் நகர்வதில்லை. அணு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனால், அந்தக் காலியிடமும் நகர்கிறது. அதற்கும் ஒரு வேகம் உண்டு, கணக்கு உண்டு. கடல் உப்பில் உள்ள குளோரைடு வந்து சேர்ந்தால் காலியிடங்கள் பெருகும். அவை உள்நோக்கி நகர்ந்து உலோகத்தின் விளிம்பில் வந்து சேரும். வரவர நிரப்பிக்கொண்டே இருந்தால் உலோகம் பிழைத்தது. நிரப்ப முடியாத வேகத்தில் வந்தால் ஒரே இடத்தில் கூடிப் பொந்தாகிவிடும். மேலே உள்ள படலம் கொஞ்ச காலம் பிடிமானமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்து, பிறகு உள்ளே விழும். அந்த இடத்தில் ஊசி குத்தினாற்போல் ஒரு குழி. சுற்றிலும் தேநீர் சிந்தினாற்போல் ஒரு பழுப்புக் கறை.

[இந்த இடத்தில் ஓர் உவமை வந்து கடை வாசலில் நிற்கிறது. தனியாக வாழும் பெண், மெல்லிய ஓடு, உள்ளே காலியிடம் என்று. 'கடை மூடியாச்சு' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுபடியும் வரும், தெரியும்.]

5

முதல் மழைக்காலம் முடிந்தபோது மேல் வரிசையிலும் நடு வரிசையிலும் பழுப்புக் கறை வந்துவிட்டது. கீழ் வரிசை பளபளவென்று இருந்தது.

அதிகம் உப்பு விழும் வரிசை அது. அவளுக்குப் புரியவில்லை. தகடுகள் மாறிவிட்டனவோ என்று மேலே இருந்த சிலவற்றைக் கீழே மாட்டிப் பார்த்தாள். கீழே போனவை புதிதாகக் கறைபடவில்லை. மேலே வந்தவை படத் தொடங்கின. ஆகவே தகட்டில் இல்லை, இடத்தில் இருக்கிறது ரகசியம். தெறிப்பில் நனைவதும் வெயிலில் காய்வதும் அங்கே அடிக்கடி நடக்கிறது. அந்த நனைதல் காய்தலில் காலியிடங்கள் நிரம்பும் வேகம் கூடுகிறது என்று ஊகித்தாள். மாதிரியின் சமன்பாட்டில் புதிதாக ஓர் உறுப்பைச் சேர்த்தாள். காயம் ஆறுவது போல என்பதால் அதற்கு 'ஆறும் வீதம்' என்று தனக்குள் பெயர் வைத்துக்கொண்டாள். அடுத்தடுத்த வருஷங்களின் அளவுகள் எல்லாம் அவள் வரைந்த கோட்டின் மேல் வந்து உட்கார்ந்தன.*

அது முதன்முதலாகப் பொருந்திய நாளில் அவளுக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சாயங்கால ஃபெர்ரியில் இஞ்சின் ஓரத்தை விட்டு வந்து ஒருவர் பக்கத்தில் நின்றாள். "மழை வருமா?" என்று ஹிந்தியில் கேட்டாள். அவர் வானத்தைப் பார்த்துவிட்டு "பதா நஹீ", தெரியாது, என்றார். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

மெயின்லேண்டில் உள்ள அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் முழு ஆய்வேட்டையும் படித்துவிட்டு, சமர்ப்பிக்கலாம் என்று சொல்லிவிட்டார். அந்த முனைவர் பட்டத்தைத் தவிர அவள் தனக்கென்று எதையும் கேட்டதில்லை.

* ஓர் அடிக்குறிப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை சட்டத்தின் காலடியில் வெள்ளையாக ஏதோ உறைந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். சுரண்டி எடுத்துச் சோதித்து, 'அடையாளம் தெரியாத கரிமப் படிவு' என்று ஆண்டறிக்கையில் எழுதினாள். நிலையத்தில் யாரும் சிரிக்கவில்லை, அது என்னவென்று யாருக்கும் தெரியாததால்.

6

"ஒரு சாயங்காலம் விஜயகுமாரி கேமராவோடு வந்தபோது, பக்கத்துக் குடியிருப்பு மீனவர் ஜேசுதாசன் படகிலிருந்து இறங்கி, இஞ்சினுக்கு விட்ட நல்ல தண்ணீரில் மிச்சத்தைக் கீழ் வரிசைத் தகடுகளின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். மனைவி இறந்த நாளிலிருந்து அவர் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. அவளைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார். 'ஒங்க பொருளு உப்புல கெடந்து வீணாப் போவுதேன்னு...' என்றார். அவள் முதன்முறையாக—"

நிறுத்திவிடுகிறேன். இதைத்தான் நாலு பக்கம் எழுதி, கண்ணாடி வாங்க விஜயகுமாரி மறுபடி வந்தபோது படிக்கக் கொடுத்தேன். புதுக் கண்ணாடியில் அவர் முதலில் படித்தது என்னுடைய பொய்யை.

"லூசியக்கா எங்க?" என்றார்.

"யாரு?"

"ஜேசுதாசன் அண்ணன் சம்சாரம். அவங்களைச் சாகடிச்சிட்டீங்களே. நேத்துதான் கருவாடு குடுத்து விட்டாங்க."

"கதைக்காகத்தான்..."

"கழுவினது லூசியக்கான்னு சொன்னேன்ல? ஏன் கழுவினாங்கன்னும் சொன்னேன்ல?"

"சொன்னீங்க. ஆனா தனியா இருக்கிற பொண்ணு, பக்கத்துல ஒரு ஆளுன்னா படிக்கிறவங்களுக்கு..."

"படிக்கிறவங்களுக்கு என்ன வேணும்னு யோசிச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்து மேஜையில் வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

லூசியை உயிரோடு எழுப்புகிறேன். ஜேசுதாசனிடமிருந்து வாளியை வாங்கி அவர் கையில் கொடுக்கிறேன். இனி வருவது நடந்தது.

7

நவம்பர் இரண்டாம் தேதி. ஞாயிற்றுக்கிழமை. ஆய்வேட்டுக்குச் சாய்ந்த வெயிலில் எடுத்த படங்கள் சில தேவைப்பட்டன, அறையில் பொழுதும் போகவில்லை. விஜயகுமாரி ஒருநாளும் வராத சாயங்கால வேளையில் நிலையத்துக்கு வந்தாள்.

வேலிக்கு அப்பால் ஜேசுதாசன் படகு இஞ்சினுக்கு நல்ல தண்ணீர் ஓடவிட்டுக்கொண்டிருந்தார். கடலுக்குப் போய் வந்த எந்த இரும்பையும் கழுவாமல் விட அந்தக் குடியிருப்பில் யாருக்கும் மனம் வராது. அவர் மனைவி லூசி சட்டத்தின் முன் குந்தியிருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி, கையில் கிழிந்த பனியன் துணி. கீழ் வரிசையில் ஒவ்வொரு தகடாக நனைத்து, துடைத்து, மூலையில் இருந்த எண்ணை விரல் நுனியால் தேய்த்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார். சட்டத்தின் காலடியில் கொஞ்சம் செவ்வந்திப் பூ. தேங்காய்ச் சிரட்டையின் மறைவில் மெழுகுதிரிகள் எரிந்து, வெள்ளையாக உருகி வழிந்துகொண்டிருந்தன.

"அக்கா, என்ன பண்றீங்க?"

லூசி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "வந்துட்டியா மக்களே. இன்னிக்கு கல்லறைத் திருநாளுல்லா? நீ வருவியோ மாட்டியோன்னு நெனச்சேன். ஒங்க ஆளுகளுக்கு இதெல்லாம் உண்டோ இல்லியோ தெரியாது. அதான் நானே ரெண்டு திரி கொளுத்தி வச்சேன். தப்பில்லியே?"

"யாருக்கு அக்கா?"

"ஒனக்க ஆளுகளுக்குத்தான்." லூசி தகடுகளைக் காட்டினார். "நீ கச்சாலுன்னு அன்னைக்கே சொன்னல்லா, சுனாமி வாரிட்டுப் போன தீவுல்லா அது. காலத்த வந்து ஒவ்வொண்ணா குனிஞ்சி பாத்து, வாய்க்குள்ள என்னவோ சொல்லிட்டு நிப்ப. இந்தக் கீழ உள்ளதுக்க முன்னாலதான் ரொம்ப நேரம் நிப்ப. அப்பமே எனக்குத் தெரிஞ்சிது, ஒனக்க வீட்டாளுக இதுலதான்னு. கேட்டா சங்கடப்படுவியேன்னு கேக்கேல."

விஜயகுமாரி குனிந்து ஒரு தகட்டின் மூலையைத் தொட்டாள். "இதுல பேரு இல்லையே அக்கா. நம்பர்தானே இருக்கு."

"கெடைக்காத ஆளுகளுக்கு கவர்மெண்டு பேரா போடும்? நம்பர்தான் போடும்."

"எப்பவும் கழுவுவீங்களா?"

"எல்லா நாளும் முடியாது மக்களே. கொழாயில பானி வார அன்னைக்கு. இவரு இஞ்சினுக்குப் புடிக்கதுல ஒரு வாளி மாத்தி வச்சிருவேன். மேல உள்ளவங்களுக்கும் ஊத்தணும்னு ஆசைதான், தண்ணி காணாது." துணியைப் பிழிந்தார். "ஊர்ல எனக்க அப்பனுக்க கல்லறைய இன்னிக்கு ஆரு கழுவுனாவளோ. கப்பலு ஏறிப் போய்வாறதுன்னா சும்மாவா? இதக் கழுவும்போ அங்கயும் கழுவுனது மாதிரி இருக்கும், கேட்டியா."

"லூசி, தண்ணி போதுமா?" என்று வேலிக்கு அப்பால் இருந்து ஜேசுதாசன் கேட்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. நிலையத்தின் பெங்காலிக் காவலாளியும் பார்த்திருக்கிறார். "சஃபாயிவாலி என்று நினைத்தேன் மேடம்" என்று பின்னால் சொன்னாராம். துப்புரவுக்கு நிலையமே ஆள் வைத்திருக்கிறது என்று அவர் எண்ணம்.

விஜயகுமாரி அங்கேயே நின்றாள். கோட்டின் மேல் உட்கார்ந்திருந்த புள்ளிகள் ஒவ்வொன்றும் குழாயில் தண்ணீர் வந்த நாட்கள். அவள் நின்றதால் லூசி கழுவினார். லூசி கழுவியதால் அந்த வரிசை கறைபடவில்லை. கறைபடாததால் அவள் இன்னும் அதிக நேரம் நின்றாள். ஆறும் வீதம் என்று ஒன்று உலோகத்துக்குள் இருந்ததாக இனிமேல் யாரிடமும் சொல்ல முடியாது.

"தப்பில்லையே?" என்று லூசி மறுபடியும் கேட்டார்.

"இல்லக்கா" என்றாள்.

8

கச்சாலைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது கொஞ்சம்தான். நானும் அதற்கு மேல் எழுதப் போவதில்லை.

அவருடைய அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்கள். அப்பா முன்பே காலமாகிவிட்டார். சுனாமி வந்த டிசம்பரில் விஜயகுமாரி போர்ட் பிளேரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். லீவுக்குப் போகக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. அம்மா பொன்னம்மாவும் அண்ணன் ரவிக்குமாரும் கிடைக்கவில்லை.

"அழுதீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எங்க வச்சு அழறது?" என்றார்.

[உவமை திரும்பி வந்திருக்கிறது. இப்போது அதை விரட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உள்ளேயும் கூப்பிடவில்லை. வாசலிலேயே நிற்கட்டும்.]

லூசியிடம் அவர் தன்னைப் பற்றி இந்த ஐந்து வருஷத்தில் சொன்னது ஒரே வாக்கியம். வேலைக்கு வந்த புதிதில் வேலி ஓரம் நின்று "எந்த ஊரு மக்களே?" என்று லூசி கேட்க, "கச்சால்ங்க்கா" என்றிருக்கிறார். மீதியை லூசி தானே கட்டிக்கொண்டார். தகடுகள் விஷயத்தில் தவறாகக் கட்டினார். மற்றதில் ஒன்றும் தவறில்லை.

9

அடுத்த நாளே விஜயகுமாரி வழிகாட்டிக்கு எழுதிவிட்டாள்: கீழ் வரிசை நல்ல தண்ணீரில் கழுவப்பட்டிருக்கிறது, அந்த அளவுகளை நீக்க வேண்டும், என் கணித மாதிரி நிற்காது. இதைச் செய்ய அவள் யோசிக்கவே இல்லை. எழுத்தாளனாக எனக்கு இதில் ஏமாற்றம்தான். நான் இரண்டு பக்கத்துக்கு மனப்போராட்டம் தயாராக வைத்திருந்தேன்.

கஷ்டம் பதிலில் வந்தது. பேராசிரியர் நல்ல மனுஷர். பல்கலைக்கழகத்தில் பேசி ஒரு வருஷம் வாங்கிக் கொடுத்தார். புதுத் தகடுகள் போடு, அதே இடத்தில், யாரும் தொடாமல் ஒரு வருஷம் இருக்கட்டும், என்ன வருகிறதோ அதை எழுது, பட்டம் வரும். இதுதான் கடைசித் தவணை என்றும் சொன்னார்.

யாரும் தொடாமல் என்றால் லூசியிடம் சொல்ல வேண்டும்.

"சட்டத்தையே வேற பக்கம் மாத்திடலாமே" என்றேன்.

"பிடுங்கிட்டுப் போனா அக்கா என்னன்னு நினைப்பாங்க?" என்றார்.

"சட்டத்தைச் சுத்தித் தனியா ஒரு வேலி போட்டா?"

"கல்லறைக்கு வேலி போட்டு உள்ள விடமாட்டேங்கறாங்கன்னு நினைப்பாங்க. சண்டைக்குப் போவாங்க, எனக்காக."

ஆக ஒரே வழிதான். "அக்கா, இது கல்லறை இல்லை" என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் பட்டம். சொன்ன நிமிஷத்திலிருந்து பொன்னம்மாவுக்கும் ரவிக்குமாருக்கும் உலகத்தில் எங்கேயும் ஒரு இடம் இல்லை. ஊர் எட்டாத லூசிக்கும் கழுவ ஒன்றும் இல்லை. சொல்லாவிட்டால் ஐந்து வருஷம் கடலோடு போயிற்று. அவள் சாயங்காலங்களில் போய், வேலி ஓரம் நின்று, "சாப்பிட்டீங்களா அக்கா" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவந்தாள். புதுத் தகடுகள் பையிலேயே கிடந்தன.

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

ஒன்று. சொல்லிவிடுகிறாள். லூசி முதலில் சிரிக்கிறார், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். "அய்யோ, ஒனக்க படிப்பையில்லா நான் கெடுத்திட்டேன்." மறுநாளிலிருந்து சட்டத்தின் பக்கம் வருவதில்லை. வெட்கம். வேலி ஓரத்தில் எதிர்ப்பட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். அடுத்த மழையில் கீழ் வரிசை பழுப்பாகிறது. முனைவர் விஜயகுமாரி இஞ்சின் ஓரத்தில் நின்று வீட்டுக்குப் போகிறாள்.

இரண்டு. சொல்லவே இல்லை. ஆய்வேட்டைத் தூக்கிப் பரணில் போடுகிறாள். தண்ணீர் வரும் நாளெல்லாம் இரண்டு பெண்களும் சேர்ந்து எஃகைக் கழுவுகிறார்கள். எழுதி முடித்தபோது எனக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. மறுநாள் காலையில் படித்தால் எரிச்சல் வந்தது. அவள் உழைத்துச் சேர்த்த ஒரே பொருளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதைப் பாசம் என்று சொல்வது எனக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது. இழப்பது நான் இல்லையே.

மூன்று. "சொன்னாள், லூசி புரிந்துகொண்டார், அதற்கென்ன மக்களே, மேல் வரிசையைக் கழுவிக்கொள்கிறேன் என்று—" இல்லை. மேல் வரிசையும் சோதனையில்தான் இருக்கிறது. என் ஆசைக்கு இயற்பியலை வளைக்க முடியாது.

10

போன வாரம் அவர் கண்ணாடியின் திருகு தளர்ந்துவிட்டது என்று வந்தார். திருகு சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் கையில் வாங்கி, திருப்புளியை வைத்துச் சும்மா திருகிக்கொண்டே கேட்டேன்.

முந்தின நாள் போயிருக்கிறார். தகடுகள் உள்ள பையையும் எடுத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை ஃபெர்ரியிலேயே மனப்பாடம் செய்துகொண்டு. இந்த முறை வேலி ஓரத்தில் நிற்காமல், லூசி கழுவிக்கொண்டிருந்த சட்டத்துக்கே போய்விட்டார். லூசி பேசவிடவில்லை. அதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியையும், தான் சொன்ன பதிலையும் விஜயகுமாரி என்னிடம் சொன்னார்.

பதிலை எழுதிப் பார்த்தேன். எழுத்தில் பார்த்ததும் அது ஏதோ சரியான விடை மாதிரி நிமிர்ந்து நின்றது. அவருக்கு அப்படி இல்லை. சொன்ன நிமிஷத்திலிருந்து, செய்தது சரியா என்றுதான் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார். என்னிடமும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். இந்தக் கதையில் நான் யோக்கியமாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுவாக இருக்கும்.

ஆகவே அந்தப் பதிலை அடித்துவிட்டேன். அவளை மறுபடியும் சட்டத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறேன். நான் இங்கேயே நின்றுகொள்கிறேன். நீங்கள் போங்கள், அவள் பக்கத்தில் நில்லுங்கள். யாராவது ஒருவர் கூட இருந்தால் நல்லது. என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

வெயில் சாய்ந்திருக்கிறது. ஜேசுதாசன் இஞ்சினை நிறுத்திவிட்டார், அதனால் நன்றாகக் கேட்கும். விஜயகுமாரி பையைக் கீழே வைக்கிறாள்.

"அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு மக்களே. அதுக்கு முன்ன நான் ஒண்ணு கேட்டுக்கிடட்டா? ரொம்ப நாளா மனசுல கெடக்கு." லூசி ஈரத் துணியோடு எழுந்து, கீழ் வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்க்கிறார். "இதுல ஒனக்க அம்மை எது? இனிமே அவியளத்தான் மொதல்ல கழுவணும்."